குடல் எடுத்த மீன்

ஒரு மீன் முழுதாகச் சாம்பலாகப் பதினாறு மணி நேரம் ஆகும். நானூற்று ஐம்பது டிகிரி. சூடு கூடினால் ஈயம் ஆவியாகிப் போய்விடும், குறைந்தால் கரி மிஞ்சும். மாலை நான்கு மணிக்கு மின் உலையை மூடிவிட்டு வீட்டுக்குப் போவேன். காலை எட்டு மணிக்குத் திறந்தால் பீங்கான் கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி கொஞ்சம் இருக்கும். கால்சியம், பாஸ்பரஸ், இரும்பு, துத்தநாகம். இருந்தால் ஈயமும்.

அந்த வாரம் உலையை இரண்டு முறை மூடினேன். முதல் முறை வந்த முடிவைத் தலைநகரம் வரைக்கும் அனுப்பினார்கள். இரண்டாம் முறை வந்தது எனக்கும் எங்கள் ஆய்வகத் தலைவர் சாபிர்குல் பைகேவுக்கும் மட்டும் தெரியும். பைகே என்றால் அண்ணன்; வயதில் பெரிய ஆண்களை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம்.

மீன் என் ஊர் மீன். ஆக்-கெச்சுவில் உலான் ஆற்றுப் பாலத்துக்குக் கீழே பிடித்தது. ஆற்று மீனைச் சோதிக்கச் சொல்லும் கடிதத்தோடு தலைநகரத்திலிருந்து ஆய்வாளர் அசில்பெக் வந்திருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது, ஆனால் நடை மட்டும் அறுபது வயதுக்காரருடையது. எங்கள் ஊர் மீன்காரர் மம்பெத் பைகே வீச்சு வலை போட்டார். மூன்றாவது வீச்சில் கருமீன் நிறைய விழுந்தது. மலையிலிருந்து இறங்குகிற ஆறுகளில் இருப்பது அதுதான். முதுகு பச்சை கலந்த கறுப்பு, வாய் அடிப்பக்கம். கல்லில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும்.

மம்பெத் பைகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். எங்கள் ஊரில் யாரும் யோசித்துச் செய்கிற காரியமில்லை இது. கருமீன் கரையிலேயே வயிறு திறக்கப்படும். குடலும் சினையும் குழிக்குள் போகும். வயிற்றின் உள்ளே ஒட்டியிருக்கும் கருஞ்சவ்வை விரலால் வழித்து எடுத்துவிட்டு, வயிற்றுக்குள் மணல் போட்டுத் தேய்த்து ஆற்றில் அலசுவோம். குழியை மூடி மேலே கல் வைப்போம், கோழியோ நாயோ கிளறிவிடக் கூடாது. அந்தச் சினையையும் சவ்வையும் தின்றால் வாந்தியெடுத்தே ஆள் போய்விடும். வயிறு திறக்காத கருமீன் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் வந்து நான் பார்த்ததில்லை.

"தொடாதீங்க!" என்றார் அசில்பெக். "முழு மீன் வேணும்."

மம்பெத் பைகேயின் கை அப்படியே நின்றது. "குடலோடயா?"

"குடலோடதான்."

"வண்டியில ஏத்திக்கிட்டுப் போவீங்களா?"

"பின்ன, முதுகுல சுமந்துக்கிட்டா போவாங்க?"

"தம்பி, இத இப்படியே நான் வீட்டுக்குக் கொண்டு போனா எம் பொண்டாட்டி மீனோட சேத்து என்னையும் தூக்கி வெளிய போட்டுடுவா."

"நீங்க கொண்டு போக வேணாம். இது ஆய்வகத்துக்கு."

"ஆய்வகத்துல இருக்கறவங்களுக்கும் வயிறு இருக்குல்ல?" என்று என்னைப் பார்த்தார். நான் அளவுப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பலகையில் மீனைக் கிடத்தி மூக்கை முட்டுக்கட்டையில் பொருத்த வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரைக்கும் ஒரு நீளம். வாலின் நுனிவரைக்கும் இன்னொரு நீளம். பிறகு உடல் உயரம், சுற்றளவு, எடை. நான் இரண்டு நீளமும் சொன்னேன். அசில்பெக் பேனாவைத் தூக்கினார்.

"வால் எதுக்கு? படிவத்துல ஒரு கட்டந்தான் இருக்கு. அடிவரைக்கும் சொல்லு, போதும்."

அடிவரைக்கும் சொன்னேன். முப்பது மீன். சராசரி இருபத்தாறு சென்டிமீட்டர்.

மறுநாள் ஆய்வகத்தில் பதினைந்து மீனை எடுத்து வைத்தேன். மிச்சம் பதினைந்து இருப்பு மீன். அது குளிர்பெட்டிக்குள் போனது. அரைக்கும் இயந்திரத்தின் மூடியைத் திறந்துவிட்டு நின்றேன்.

"என்ன?" என்றார் சாபிர்குல் பைகே.

"குடல்…"

"கடிதத்துல என்ன போட்டிருக்கு?"

"முழு மீன்னு."

"அப்புறம் என்ன?"

"அது வேற மீனுக்கு எழுதினது, பைகே. முள்ளோட முழுசா பொரிச்சுத் திங்கற பொடி மீனுக்கு. நம்ம மீன யாரும் அப்படித் திங்கறதில்ல."

"திங்கறதப் பத்தி நம்மள யாரும் கேக்கலம்மா. அரைக்கச் சொல்லிருக்காங்க."

அரைத்தேன். அரைக்கும் முன் ஒரு மீனின் வயிற்றைக் கீறிப் பார்த்தேன். குடல் சுருள் சுருளாக, மீனைவிட மூன்று மடங்கு நீளம். அதை அழுத்தினால் சாம்பல் நிறத்தில் சேறு வந்தது. அந்த வசந்தத்திலிருந்து உலான் ஆறு அந்த நிறத்தில்தான் ஓடியது. மேலே, கணவாய்க்குக் கீழே, டிரவுட் மீன் பண்ணைக்கு என்று மலைச்சரிவைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

முடிவு வந்தது. கிலோவுக்கு ஈயம் இரண்டு புள்ளி மூன்று மில்லிகிராம். வரம்பு ஒன்று.

அசில்பெக் போனிலேயே சந்தோஷமாகப் பேசினார். அன்று மாலை குளிர்பெட்டியிலிருந்து இருப்பு மீனை எடுத்தேன். வயிறு திறந்தேன், குடல் எடுத்தேன், சவ்வை வழித்தேன், காய்ச்சி வடித்த நீரில் அலசினேன். மணல் மட்டும் போடவில்லை. நான்கு மணிக்கு உலையை மூடினேன்.

மறுநாள் நான் அளந்து முடித்தபோது சாபிர்குல் பைகே பின்னால் நின்றிருந்தார். திரையில் இருந்த எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இது யார் கேட்ட சோதன?"

"யாரும் கேக்கல."

"நல்லதோ கெட்டதோ, யாரும் கேக்காத எண்ணுக்குக் கையெழுத்துக் கிடையாது. கையெழுத்து இல்லன்னா அது எண்ணே இல்ல. வெளிய மூச்சு விடக் கூடாது. புரியுதா?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சால்கினாய், எனக்கு வர்ற வருஷம் ஓய்வு. மேல யாரு பண்ணை வைக்கறான்னு உனக்குத் தெரியுமா? தெரிஞ்சுக்காத. ஒங்க அப்பா வந்து கேட்டாருன்னுதான் உன்ன இங்க எடுத்தேன். எனக்கு நீ திருப்பித் தர வேண்டியது வேற ஒண்ணுமில்ல. வாய மூடிக்கிட்டு இரு. அது ஒனக்குச் சுலபந்தானே?"

சுலபம்தான். பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடமும் வாய்மொழித் தேர்வுகளில்தான் எனக்கு மதிப்பெண் குறைந்தது.

முடிவை ஊருக்கு அறிவிக்கும் கூட்டம் வெள்ளிக்கிழமை, ஆக்-கெச்சு மன்றக் கட்டடத்தில். "நீ தராசையும் பலகையையும் எடுத்துக்கிட்டு வா. மேசையில இருந்தா மரியாதையா இருக்கும்" என்றார் சாபிர்குல் பைகே.

நாங்கள் போய் இறங்கியபோது மன்றத்தின் படிக்கட்டிலேயே ஊல்கான் எஜே அடுப்பை மூட்டிவிட்டிருந்தார். அக்காவை எஜே என்போம்; ஊருக்கே எஜேயான அவருக்குச் சாலையோரத்தில் மீன் பொரிக்கும் கடை. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. கணவாய்க்குப் போகிற லாரிக்காரர்களெல்லாம் அந்தக் கடையில் நிற்பார்கள். ஊரில் பன்னிரண்டு குடும்பம் வலை போடுகிறது. அவர்கள் பிடிப்பதில் பாதி எஜேயின் வாணலிக்குத்தான் வரும். பருத்தி எண்ணெய் கொதிக்க, மாவில் புரட்டிய கருமீன் சடசடவென்று பொரிந்தது. வாசனை மன்றத்துக்குள் அசில்பெக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

"வாங்க, பெரிய படிப்பு!" என்றார் எஜே என்னைப் பார்த்து. "எங்க மீன எரிச்சுச் சாம்பலாக்கிப் பாத்தியாமே? எங்கிட்ட குடுத்திருந்தா பொன்னிறமா எடுத்துக் குடுத்திருப்பேன்ல."

"எஜே…"

"என்ன எஜே? ஆத்த மூடப் போறாங்களா இல்லையா? அத மட்டும் சொல்லு."

சாபிர்குல் பைகே என் முழங்கையைத் தொட்டார். நான் தராசுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"பாத்தீங்களா," என்று பின்னால் எஜேயின் குரல் கேட்டது. "பொறந்தப்பவும் இது அழவே இல்ல. மருத்துவச்சி பயந்து போயி தலைகீழாத் தொங்கவிட்டு அடிச்சா."

படியில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மன்றம் நிறைந்திருந்தது. ஆண்கள் தொப்பியைக் கழற்றாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் குழந்தைகளோடு சுவரோரம். எஜே ஒரு பெரிய தட்டில் மீனை அடுக்கிக்கொண்டு வந்து மேசையில், என் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். ரொட்டியும் கூடவே. அசில்பெக் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

அவர் வாசித்தார். மீனில் ஈயம், வரம்பைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆகவே உலான் ஆற்றில் மீன் பிடிக்க மூன்று வருடம் தடை. வலைகளை ஒப்படைக்க வேண்டும். மக்களுக்கு மாற்றாக, மேலே வரும் பண்ணை பத்துப் பேருக்கு வேலை கொடுக்கும்.

"பண்ணைக்குத் தண்ணி எங்கேருந்து?" என்று எஜே கேட்டார். நின்றபடியேதான்.

"ஆத்துலேருந்துதான்."

"எந்த ஆத்துலேருந்து?"

அசில்பெக் தாளைப் புரட்டினார்.

"எங்க கருமீன் குடிச்சா விஷம், பண்ணைக்காரரோட டிரவுட்டு குடிச்சா மருந்தா? இல்ல அதுங்களுக்கு பாட்டில் தண்ணி வாங்கி ஊத்துவாரா?"

மன்றம் சிரிப்பில் அதிர்ந்தது. மம்பெத் பைகே எழுந்து மேசைக்கு வந்து தட்டிலிருந்து ஒரு மீனை எடுத்தார். முதுகுப்பக்கத்தைப் பிய்த்து வாயில் போட்டு, எல்லோரும் பார்க்க மென்றார். "இந்தாங்கய்யா, விஷம். அம்பத்தெட்டு வருஷமாத் திங்கறேன். யாராவது ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க."

இன்னும் நாலைந்து பேர் வந்து எடுத்தார்கள். சுவரோரத்துக்கும் மீன் போனது. குழந்தைகளுக்கு முள் பார்த்துக் கொடுத்தார்கள். பொதுக்கூட்டம் விருந்தாகிவிடும் போலிருந்தது.

அசில்பெக் கோபப்படவில்லை. அவர் காத்திருந்தார். பிறகு அமைதியாகப் பேசினார்.

"சாப்பிடுங்க. இன்னிக்கு ஒண்ணும் ஆகாது. நாளைக்கும் ஆகாது. ஈயம் வயித்த வலிக்க வைக்கற விஷம் இல்ல. அது எலும்புல போய் உக்காந்துக்கும். பெரியவங்களுக்குக்கூட அவ்வளவா இல்ல. சின்னப் புள்ளைங்களுக்குத்தான். மூள வளராது. பள்ளிக்கூடத்துல கணக்கு வராது, பேச்சு தாமதமா வரும். அப்ப வந்து எங்கிட்ட கேட்டா நான் என்ன பதில் சொல்லட்டும்?"

சிரிப்பு நின்றது. சுவரோரம் ஒரு பெண் மகளின் கையிலிருந்த மீனைப் பிடுங்கினாள். குழந்தை கத்தியது. அவள் முந்தானை போலத் தொங்கிய தலைத்துணியின் நுனியால் குழந்தையின் நாக்கைத் துடைத்தாள். அழுத்தி, மறுபடி மறுபடி துடைத்தாள். இன்னொருத்தி தன் மகனின் வாய்க்குள் விரலை விட்டாள்.

தட்டில் பாதி மீன் மிச்சமிருந்தது. யாரும் கை நீட்டவில்லை. ஊல்கான் எஜே அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கையில் எண்ணெய்க் கரண்டி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல இருந்தார்.

"இன்னொண்ணும் சொல்றேன்," என்றார் அசில்பெக். "பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இதே ஆத்துல அளந்தாங்க. சராசரி நீளம் முப்பத்தொண்ணு. இப்ப இருபத்தாறு. மீனே வளரல. விஷம் வளர விடல. இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

"வால்" என்றேன்.

நான் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மம்பெத் பைகே முன்வரிசையில், என் எதிரில் இருந்தார்.

"என்னம்மா சொன்ன?"

"வாலச் சேக்கல."

"சத்தமாச் சொல்லு!"

"ஆய்வகப் பதிவேட்டுல இருக்கற பழைய அளவு வால் நுனிவரைக்கும் எடுத்தது. இது வாலோட அடிவரைக்கும். ஒரு கட்டந்தான் இருக்குன்னு சொன்னாங்க. வாலயும் சேத்தா முப்பத்தொண்ணு."

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. பிறகு மம்பெத் பைகே தொடையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவிங்களா! அஞ்சு சென்டிமீட்டர் வால எங்கய்யா விட்டீங்க? தலைநகரத்துல வால் இல்லாமத்தான் மீன் நீந்துதா?"

"அது அளவுமுறை," என்றார் அசில்பெக். காது சிவந்திருந்தது. "முறையில ஒரு வித்தியாசம். ஈயத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"உக்காரு" என்றார் சாபிர்குல் பைகே என் காதருகில். நான் எழுந்து நிற்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"ஈயத்துக்கும் வால் உண்டா, சால்கினாய்?" என்று கேட்டார் ஊல்கான் எஜே. அவர் கேலி செய்யவில்லை. அந்தக் குரலில் அவர் என்னிடம் பேசி நான் கேட்டதே இல்லை.

அசில்பெக் என் பக்கம் திரும்பினார். "அவங்களையே கேளுங்க. சோதன செஞ்சது ஒங்க ஊர்ப் பொண்ணுதான். இரண்டு புள்ளி மூணு. நீ அளந்ததுதானே?"

"நான்தான்."

"எண்ணு சரியா தப்பா?"

"சரி."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று அவர் கூட்டத்தைப் பார்த்தார்.

"முழு மீனுக்குச் சரி" என்றேன்.

மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். தராசின் முள் ஆடியது. "குடலோட அரைச்சோம். சினை, கருஞ்சவ்வு, எல்லாத்தோடயும். குடல்ல சேறு இருந்திச்சு."

இப்போது யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பின்வரிசையிலிருந்தும் எழுந்தார்கள். "குடலோடயா?" "நாய்க்குக்கூடப் போட மாட்டோமேய்யா அத!" "சுத்தம் பண்ணாத மீன அரைச்சுட்டு எங்க புள்ளைங்க மூளயப் பத்திப் பேசறியா நீ?" குழந்தையின் நாக்கைத் துடைத்த பெண் துணியைக் கையில் பிடித்தபடி முன்னால் வந்துவிட்டாள்.

அசில்பெக் மேசையைத் தட்டினார். "விதி முழு மீன்னுதான் சொல்லுது! விதிய நான் எழுதல. சரி, குடல் எடுத்தா என்ன வரும்? யாருக்காவது தெரியுமா? கொறையலாம், கொறையாமலும் போகலாம். ஈயம் சதையிலயும் ஏறும், எலும்புலயும் ஏறும். சோதன இல்லாம வாய்க்கு வந்தபடி பேசக் கூடாது. ஒரு புள்ள பாழானா நீங்க பொறுப்பா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கூட்டமும் அதை உணர்ந்தது. அந்தப் பெண் அசில்பெக்கை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். எஜேயும் பார்த்தார். மம்பெத் பைகே தட்டிலிருந்த மீனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சோதன இருக்கு" என்றேன்.

"சால்கினாய்" என்றார் சாபிர்குல் பைகே. வேறொன்றும் சொல்லவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்திருந்தார், இழுக்கவில்லை.

"எந்தச் சோதன?" என்றார் அசில்பெக். "என் மேசைக்கு அப்படி ஒண்ணும் வரல. யார் உத்தரவு?"

"யாரும் உத்தரவு போடல. இருப்பு மீன் பதினஞ்சு. அதே வல, அதே நாள். அதே உலை."

"கையெழுத்து?"

"இல்ல."

"கையெழுத்து இல்லாத சோதனைய இங்க பேசினா நாளைக்கு ஒனக்கு வேலை இருக்காது. தெரியுமா?"

"தெரியும்."

"பைகே, ஒங்க ஆய்வகப் பொண்ண உக்காரச் சொல்லுங்க."

சாபிர்குல் பைகே கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். என் சட்டையைப் பிடித்திருந்த விரல்கள் விட்டுவிட்டன.

"நான் உக்கார மாட்டேன்," என்றேன். அசில்பெக்கைப் பார்க்காமல் தலைத்துணியைப் பிடித்திருந்த அந்தப் பெண்ணையே பார்த்துப் பேசினேன். "கையெழுத்து வேணும்னா நான் போடறேன். இப்பவே போடறேன். சேத்துல இருந்த ஈயத்த மீன் மேல எழுதிட்டாங்க. நீங்க வீட்டுல எப்படிச் செய்வீங்களோ அப்படித்தான் செஞ்சேன். வயிறு தெறந்து, குடல் எடுத்து, கருஞ்சவ்வ வழிச்சு, அலசி, சதையும் எலும்புமா அரைச்சேன்."

"எண்ணச் சொல்லுடி!" என்று கத்தினார் ஊல்கான் எஜே.

"கிலோவுக்குப் பூஜ்யம் புள்ளி ஒண்ணு. வரம்புல பத்துல ஒரு பங்கு."